வாசகர் கேள்வி–பதில்: கிட்கும் பிள்ளைகளின் திருநாள்

சென்ற இதழில், உகாண்டாவின் வடபகுதியில் கிட்கும் நகருக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூர்க் கோவிலில், அருள்சகோதரிகள் பிள்ளைகளோடு மறைபரப்பு ஞாயிற்றைக் கொண்டாடும் படம் வெளிவந்திருந்தது. அதைக் கண்டு வாசகர்கள் பலர் கேள்விகள் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பகுதியில் ஒன்பது ஆண்டுகள் மறைப்பணியாற்றியவள் என்பதால், இம்மாதம் பதில் எழுதும் பொறுப்பை ஆசிரியர் குழுவினர் என்னிடம் ஒப்படைத்துள்ளனர்.

கேள்வி: சிறுவர்களுக்கென்று திருச்சபையில் தனி நாள் ஒன்று உண்டா? படத்தில் இருந்த விழா ஏன் அக்டோபரில் நடந்தது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உண்டு. பிரான்சு நாட்டின் நான்சி மறைமாவட்ட ஆயராக இருந்த ஷார்ல் தெ ஃபோர்பன்-ஜான்சன் 1843ஆம் ஆண்டில் தொடங்கிய திருப்பாலத்துவ சபையிலிருந்து அந்த வழக்கம் வந்தது. சீனாவில் கைவிடப்பட்ட குழந்தைகளைப் பற்றிய செய்திகள் அவரை உலுக்கின. பெரியவர்களிடம் நிதி திரட்டுவதற்குப் பதிலாக அவர் பிள்ளைகளிடமே சென்று, நாளுக்கு ஒரு ‘அருள்நிறைந்த மரியே’ செபமும் மாதத்திற்கு ஒரு சிறு காசும் மட்டுமே கேட்டார். குழந்தைக்குக் குழந்தையே துணை என்ற அந்த எண்ணம் நாடு நாடாகப் பரவியது. 1922இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் அச்சபையைத் திருப்பீடத்தின் மறைப்பணிக் கழகங்களுள் ஒன்றாக உயர்த்தினார். 1950இல் பன்னிரண்டாம் பயஸ் அதற்கென்று ஓர் உலக நாளையும் ஏற்படுத்தி, அதை ஜனவரியில் வரும் திருக்காட்சிப் பெருவிழாவோடு இணைத்தார். ஆயினும் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கேற்ற நாளில் அதைக் கொண்டாடலாம்.

நாங்கள் இருந்த பங்கில் அக்டோபரைத் தேர்ந்துகொண்டதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. அக்டோபரின் கடைசிக்கு முந்தைய ஞாயிறு உலக மறைபரப்பு ஞாயிறு. இது 1926இல் ஏற்படுத்தப்பட்டது. அதைவிடப் பெரிய காரணம், தாவுதி ஒக்கெலோ, ஜில்தோ இர்வா என்னும் இரண்டு சிறுவர்கள் 1918 அக்டோபரில் அந்த மண்ணிலேயே உயிர் கொடுத்தார்கள் என்பதாகும்.

கேள்வி: மறைக்கல்வி வகுப்பில் உகாண்டா மறைச்சாட்சிகள் என்றால் புனித சார்லஸ் லுவாங்காவையும் சிறுவன் கிசித்தோவையும் பற்றித்தான் சொல்லிக் கொடுக்கிறோம். தாவுதியும் ஜில்தோவும் யார்?
– மறைக்கல்வி ஆசிரியர், தூத்துக்குடி

பதில்: லுவாங்காவும் கிசித்தோவும் தென்பகுதியான புகாண்டா அரசைச் சேர்ந்தவர்கள். 1886 ஜூன் 3ஆம் நாள் நமுகொங்கோவில் எரிக்கப்பட்ட அவர்கள், 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுலால் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டவர்கள். கிசித்தோவுக்கு அப்போது ஏறத்தாழ 14 வயது. வடபகுதியின் கதை வேறு. கொம்போனி மறைப்பணியாளர்கள் 1915இல்தான் கிட்குமில் குடியேறினார்கள். அதற்கு அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில், அருள்தந்தை செசாரே கம்பரெத்தோவின் கையால் திருமுழுக்குப் பெற்ற, அப்பகுதி மக்களான அச்சோலி இனத்து இளைஞர்களுள் தாவுதியும் ஜில்தோவும் இருந்தார்கள்.

பைமோல் என்னும் தொலைவான ஊரில் வேதியராக, அதாவது மறைக்கல்வி கற்பிப்பவராக, இருந்த அந்தோனியோ என்பவர் இறந்துவிட, அவருடைய இடத்திற்குத் தாம் போவதாகத் தாவுதி முன்வந்தார்; ஜில்தோ உடன் வருவதாகச் சொன்னார். அந்த ஊரில் பூசல்கள் மிகுதி என்பதால் பங்குத்தந்தை தயங்கினார். உங்களைக் கொன்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டதற்கு, விண்ணகம் போவோம், அந்தோனியோ ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார் என்று அவர்கள் விடை சொன்னதாகப் பதிவு உள்ளது. 1917இன் இறுதியில் இருவரும் பைமோல் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே அவர்கள் செய்த வேலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். பொழுது புலரும்போது தாவுதி முரசு கொட்டிப் பிள்ளைகளைக் காலைச் செபத்திற்கு அழைப்பார். செப மந்திரங்களையும் மறைக்கல்விக் கேள்வி–பதில்களையும் பாட்டாகப் பாடி மனத்தில் பதிய வைப்பார். பகலில் பிள்ளைகள் மாடு மேய்க்கவும் கொல்லை வேலைக்கும் போய்விடுவதால், வழியிலும் வயலிலும் அவர்களைத் தேடிப் போவார். ஜில்தோவின் வேலை விளையாட்டு. ஊர் விளையாட்டுகளை நடத்திப் பிள்ளைகளைக் கூட்டுவது அந்தச் சிறுவனின் பொறுப்பாக இருந்தது. மாலையில் மீண்டும் முரசு, செபமாலை, அன்னை மரியாவுக்கு ஒரு பாட்டு. தூத்துக்குடியிலிருந்து எழுதும் உங்களுக்கு இது புதிதாக இராது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், மந்திரங்களைக் கற்ற பிள்ளைகளையே நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பிச் செபிக்கவும், பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்கவும் செய்தார் என்பதை அவருடைய மடல்களே கூறுகின்றன.

1918 அக்டோபரில் ஆங்கிலேய ஆட்சியாளர்களுக்கு எதிரான கொந்தளிப்பு பைமோலில் மூண்டது. 18ஆம் நாளுக்கும் 20ஆம் நாளுக்கும் இடைப்பட்ட ஒரு விடியற்காலையில் சிலர் ஈட்டிகளோடு அவர்களுடைய குடிசைக்கு வந்தார்கள். மறைக்கல்வி கற்பிப்பதை விட்டுவிடும்படி சொல்லியும் தாவுதி இணங்கவில்லை. தடுக்க வந்த ஊர்ப் பெரியவரையும், இதில் தலையிட்டுத் துன்பப்பட வேண்டாம் என்று அவரே விலக்கினார். தாவுதி குத்தப்பட்ட பின், நாங்கள் இருவரும் சேர்ந்தே வந்தோம், சேர்ந்தே கற்பித்தோம், அவரைக் கொன்ற காரணம் எனக்கும் பொருந்தும் என்று ஜில்தோ சொன்னார். தாவுதிக்கு 16 முதல் 18 வயதும், ஜில்தோவுக்கு 12 முதல் 14 வயதும் இருக்கலாம். திருமுழுக்குப் பெற்று இரண்டரை ஆண்டுகள்கூட ஆகவில்லை. அவர்கள் இறந்த இடத்தை மக்கள் ‘வி-போலோ’ என்கிறார்கள்; விண்ணகத்தில் என்பது அதன் பொருள். 2002 அக்டோபர் 20ஆம் நாள், மறைபரப்பு ஞாயிறன்று, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இருவரையும், புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர்களாக அறிவித்தார்.

கேள்வி: அந்த நாளில் காலை முதல் மாலை வரை என்ன நடக்கும் என்று விரிவாகச் சொல்ல முடியுமா?
– வாசகி, திருச்சி

பதில்: மகிழ்ச்சியோடு சொல்கிறேன். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கிளைக் கோவில்களில் ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலி கிடையாது. ஒரு பங்கின்கீழ் பல கிளைகள் இருப்பதால், அருள்பணியாளர் ஒரு கிளைக்கு மாதத்திற்கு ஒரு முறை வந்தாலே பெரிது. மற்ற ஞாயிறுகளில் வேதியரே இறைவார்த்தை வழிபாட்டை நடத்துவார். ஆகவே பிள்ளைகளின் நாள் என்பது அவர்களுக்குத் திருப்பலி கிடைக்கும் நாளுமாகும். அதற்காக முந்தைய நாள் மாலையிலேயே தொலைவான வீடுகளிலிருந்து பிள்ளைகள் நடந்து வந்து, வேதியரின் வீட்டிலும் பள்ளிக் கூடத்திலும் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள்.

விடியற்காலை முரசு ஒலிக்கும். தாவுதியை நினைத்து அன்று முரசை ஒரு சிறுவனிடம் கொடுப்பது எங்கள் பங்கின் வழக்கம். அக்டோபரில் மழை முற்றிலும் விட்டிருக்காது. செம்மண் பாதை சேறாகி, இரு பக்கமும் ஆள் உயரப் புல் நிற்கும். எங்கள் வண்டி சேற்றில் சிக்கி நின்ற ஆண்டுகளில், முரசொலியைக் கேட்டுக்கொண்டே மீதித் தொலைவை நடந்திருக்கிறோம். கோவில் சிறியது, சுட்ட செங்கல் சுவர், மேலே தகரம் அல்லது புல் கூரை. பிள்ளைகள் அதில் அடங்கமாட்டார்கள் என்பதால் மாமரத்து நிழலில் பீடம் அமைப்போம்.

காணிக்கைப் பவனியைக் காணக் கண் கோடி வேண்டும். சிறுமிகள் ஒரே நிறத் துணி உடுத்தி, வரிசையாக ஆடிக்கொண்டே முன்னே வருவார்கள். ஆண் பிள்ளைகள் பாதிச் சுரைக்குடுக்கைகளை மிதிவண்டிச் சக்கரக் கம்பிகளால் தட்டித் தாளம் போடுவார்கள். அச்சோலி மக்களின் நடனங்களில் வழங்கும் அந்தத் தாளம் கோவிலுக்குள்ளும் வந்துவிட்டது. வில்யாழ் போன்ற அதுங்கு என்னும் நரம்புக்கருவி கூடவே ஒலிக்கும். பின்னால் நிற்கும் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிடுவார்கள். தென்தமிழ்நாட்டுத் திருவிழாவில் குலவை கேட்டு வளர்ந்த எனக்கு, முதல் ஆண்டில் அந்த ஒலியைக் கேட்டதும் அந்நிய நாட்டில் இருக்கிறேன் என்ற எண்ணமே மறைந்துபோயிற்று. பிள்ளைகளின் கையில் இருப்பது ஒரு பிடி எள், ஒரு கிண்ணம் நிலக்கடலை, ஒரு சோளக்கதிர், சில சமயம் கால் கட்டிய ஒரு கோழி. பீடத்தின்முன் வைக்கும் அந்தப் பொருள்களைப் பங்கின் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் பகிர்ந்து கொடுப்பதும் பிள்ளைகளின் வேலையே. நான் முதல் கேள்விக்குச் சொன்ன 1843ஆம் ஆண்டின் சிறு காசு, அங்கே எள்ளாகவும் கடலையாகவும் மாறியிருக்கிறது.

திருப்பலிக்குப் பின் தாவுதி–ஜில்தோ கதையைப் பிள்ளைகளே நடித்துக் காட்டுவார்கள். ஈட்டி ஏந்தி வருபவர்களாக நடிக்க யாரும் முன்வருவதில்லை என்பதால், வேதியர் ஒவ்வோர் ஆண்டும் சிலரைக் கெஞ்சி ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டியிருக்கும். பிறகு உணவு: கேழ்வரகு மாவில் கிண்டிய களி, அவரை, நிலக்கடலை–எள் விழுது சேர்த்துக் கடைந்த மலக்குவாங் கீரை. மலக்குவாங் என்பது நம் புளிச்சக்கீரையின் இனம், அதே புளிப்பு. கேழ்வரகோ கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் பிறந்து நம் நாட்டுக்கு வந்த தானியம். ஆகவே நான் அவர்கள் வீட்டுக் களியை உருட்டிச் சாப்பிடுவதைக் கண்டு பிள்ளைகள் வியந்தபோது, இது உங்கள் ஊரிலிருந்து எங்கள் ஊருக்கு வந்த சோறு என்று சொல்லிக்கொடுத்தேன்.

படத்தில் கண்ட கேக்கைப் பற்றிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். அது அந்த ஆண்டில் ஒரு சகோதரியின் துறவற வார்த்தைப்பாட்டு வெள்ளிவிழாவும் சேர்ந்து வந்ததால் கிட்குமிலிருந்து வாங்கிச் சென்றது, வழக்கம் அன்று.

கேள்வி: எங்கள் பங்கின் இளைஞர்கள் அந்தப் பிள்ளைகளுக்கு உடைகள், பொம்மைகள், மிட்டாய்கள் திரட்டி அனுப்ப விரும்புகிறார்கள். எப்படி அனுப்புவது?
– பங்குப் பேரவை உறுப்பினர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் இளைஞர்களின் அன்புக்கு நன்றி. ஆனால் அனுப்ப வேண்டாம் என்றே சொல்கிறேன். காரணத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் அங்கே போன மூன்றாம் ஆண்டில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குழுவினர் பிள்ளைகளின் நாளுக்கு இரண்டு பெட்டி நிறைய மிட்டாய்களும் ஏறத்தாழ அறுபது பொம்மைகளும் கொண்டு வந்தார்கள். கூடியிருந்த பிள்ளைகளோ இருநூறு பேருக்கு மேல். பங்கிட்டுக் கொடுப்பதற்குள் நேரமாகிவிடும் என்று வண்டியின் பின்புறத்தில் நின்று அள்ளி வீசத் தொடங்கினார்கள். ஒருவர் அதைப் படம் எடுத்தார். சற்றுமுன் வரிசையாக ஆடி வந்து எள்ளும் கடலையும் காணிக்கை வைத்த அதே பிள்ளைகள் மண்ணில் விழுந்து புரண்டார்கள். ஒரு சிறுமியின் கை மிதிபட்டது. தடுக்க வேண்டிய நானும் விருந்தினர் மனம் நோகுமே என்று பேசாமல் நின்றேன். அந்தக் குற்றவுணர்வு இன்னும் என்னை விட்டு அகலவில்லை. மறுநாள் வேதியர் என்னிடம் வந்தார். கோபமாகப் பேசவில்லை. “சகோதரி, எங்கள் பிள்ளைகள் கோவில் முற்றத்தில் ஒருவரையொருவர் தள்ளி நான் பார்த்ததில்லை. நேற்றுப் பார்த்தேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அடுத்த ஆண்டு முதல் முறையை மாற்றினோம். களிக்கு மாவும் அவரையும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு படி வீதம் கொண்டுவரும். எண்ணெய், உப்பு, சவர்க்காரம், பள்ளிக் குறிப்பேடுகள் ஆகியவற்றை மட்டும் மிஷன் தரும். யாருக்கு என்ன தேவை என்பதைக் கிளைக் கோவிலின் பேரவை முடிவு செய்யும். புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கும் பிள்ளைகளுக்கு உடை வேண்டுமென்றால், ஊர்த் தையற்காரரிடமே தைக்கக் கொடுப்போம். அந்தக் கூலியால் அவருடைய பிள்ளைகளும் பள்ளிக்குப் போவார்கள். பழைய துணிகளுக்கு அங்கே பஞ்சமே இல்லை. தலைநகர் கம்பாலாவில், மறைச்சாட்சி புனித யோசேப்பு முக்காசா பலிக்குத்தெம்பேயின் பெயர் தாங்கிய மிகப் பெரிய சந்தையில், வெளிநாடுகளிலிருந்து வரும் பழைய துணிகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன.

உதவத்தான் வேண்டுமென்றால், உங்கள் மறைமாவட்டத்தின் மறைப்பணிக் கழக அலுவலகம் வழியாகத் திருப்பாலத்துவ சபைக்குப் பணமாக அனுப்புங்கள். வேதியர்களின் பயிற்சிக்குக் கொடுப்பது அதைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து. பிள்ளைகளின் படங்களையும் அருள்கூர்ந்து கேட்காதீர்கள். அவர்களுடைய பெற்றோரின் இசைவின்றி எந்தப் படத்தையும் வெளியிடுவதில்லை என்று நாங்கள் உறுதி எடுத்திருக்கிறோம்.

கேள்வி: மிட்டாயையும் விழாவையும் காட்டிப் பிள்ளைகளை மதம் மாற்றுவது நியாயமா? வெள்ளையர் ஆட்சியோடு வந்த சமயந்தானே இது?
– வாசகர், மதுரை

பதில்: கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். பரிசு காட்டி நம்பிக்கையை வாங்குவது நியாயம் அன்று. அப்படி வாங்கியது நிலைப்பதும் இல்லை. ஆட்சியாளர்களோடு ஒரே காலத்தில் வந்ததால் மறைப்பணியாளர்கள் செய்த பிழைகளும் உண்மையே. எடுத்துக்காட்டாக, உங்களைப் படைத்தவர் யார் என்று தொடக்ககால மறைப்பணியாளர்கள் அச்சோலி முதியோரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்; உருவாக்கியவர், வனைந்தவர் என்றெல்லாம் சொல்லை மாற்றி மாற்றிக் கேட்டதும், முதுகெலும்பை வளைத்துக் கூனாக்கும் ஆவியின் பெயரான ரூபங்காவையே அம்முதியோர் விடையாகச் சொன்னார்கள்; அதுவே கடவுளின் பெயராக நிலைத்துவிட்டது என்று அச்சோலி அறிஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். மொழியை முழுமையாகக் கற்காமல் போதிக்கத் தொடங்கினால் என்ன நேரும் என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் எனக்குக் கற்பித்ததில்லை. நான் அச்சோலி பேசிப் பழக முழுதாக இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டதற்கும் அதுவே காரணம்.

மறுபக்கமும் உண்டு. கொம்போனி மறைப்பணியாளர் சபையை நிறுவிய இத்தாலியரான புனித தானியேல் கொம்போனி, ஆப்பிரிக்காவை ஆப்பிரிக்கரைக் கொண்டே மீட்க வேண்டும் என்ற திட்டத்தை 1864இலேயே எழுதினார். பைமோலுக்கு நற்செய்தியைக் கொண்டு போனவர்கள் இத்தாலியர் அல்லர். அந்தோனியோவும் தாவுதியும் ஜில்தோவும் அந்நாட்டுப் பிள்ளைகளே. இன்று அப்பகுதியின் அருள்பணியாளர்களுள் பெரும்பாலோர் உகாண்டா மக்களே. எங்களைப் போன்றோர் அவர்களுக்குத் துணைநிற்க அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே.

கேள்வி: அங்கே நெடுநாள் போர் நடந்ததே, அக்காலத்தில் பிள்ளைகளின் நாள் நடந்ததா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: நான் போய்ச் சேர்ந்தது போர் ஓய்ந்த பிறகு. ஆனால் அந்தத் துயரம் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. இறைவனின் எதிர்ப்புப் படை (Lord’s Resistance Army) என்று தன்னை அழைத்துக்கொண்ட கலகப்படை, 1980களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிள்ளைகளைக் கடத்திச் சென்று படையாட்களாகவும் அடிமைகளாகவும் ஆக்கியது. 1996 அக்டோபர் 10ஆம் நாள் அபோக்கேயில் கொம்போனி சகோதரிகள் நடத்திய பள்ளியிலிருந்து 139 மாணவிகள் கடத்தப்பட்டபோது, அருள்சகோதரி ரக்கேலே ஃபசேரா காட்டு வழியே பின்தொடர்ந்து சென்று மன்றாடி 109 பேரை மீட்டு வந்தார். 30 பேரை விட மறுத்துவிட்டார்கள். பின்னர், இரவில் கடத்தப்படுவதற்கு அஞ்சி, ஆயிரக்கணக்கான சிறுவர்கள் ஒவ்வொரு மாலையும் ஊர்களிலிருந்து குலு, கிட்கும் நகரங்களுக்கு நடந்து வந்து, கோவில் வளாகங்களிலும் மருத்துவமனைகளிலும் கடைத் திண்ணைகளிலும் படுத்துறங்கி, விடிந்ததும் திரும்பிப் போனார்கள். குலு பேராயர் ஜான் பாப்டிஸ்ட் ஒதாமா 2003 ஜூனில் மற்றச் சமயத் தலைவர்களோடு சேர்ந்து அப்பிள்ளைகளோடு சில இரவுகள் தெருவிலேயே படுத்தார்.

சிற்றூர்க் கோவில்கள் பலவற்றில் அந்த ஆண்டுகளில் விழா என்பதே இல்லை. மக்கள் முகாம்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். எங்கள் கிளைக் கோவிலின் பழைய முரசை ஒரு மூதாட்டி முகாமுக்குத் தூக்கிச் சென்று, தம் குடிசையில் கிழிந்த பாயில் சுற்றி வைத்திருந்தார். விடியற்காலையில் இன்று சிறுவன் கொட்டுவது அந்த முரசைத்தான்.

கேள்வி: என் எட்டு வயது மகள் கேட்கச் சொல்கிறாள்: அந்தப் பிள்ளைகள் என்ன விளையாடுவார்கள்?
– வாசகி, காரைக்குடி

பதில்: பந்துக்குத் தப்பும் ‘குவெபெனா’ விளையாட்டு சிறுமிகளுக்கு மிகவும் பிடித்தது. இருவர் இரு பக்கம் நின்று பந்தை எறிய, நடுவில் நிற்பவர் மேலே படாமல் துள்ளி விலக வேண்டும். பந்து கடையில் வாங்கியது அன்று. பழைய துணியையும் நெகிழிப் பைகளையும் கயிற்றால் இறுகச் சுற்றி அவர்களே செய்தது. இன்னொன்று உன் பாட்டிக்குத் தெரிந்திருக்கும். நம் பல்லாங்குழியைப் போலவே குழிகளில் விதைகளைப் போட்டுச் சுற்றிவரும் ஆட்டம் உகாண்டா முழுவதும் உண்டு. புகாண்டாவில் அதை ஒம்வேசோ என்பார்கள். நம் பலகையில் இரண்டு வரிசையில் 14 குழிகள். அவர்களுக்கு நான்கு வரிசையில் 32 குழிகள், 64 விதைகள். பலகை இல்லாதபோது பிள்ளைகள் மாமரத்தடி மண்ணிலேயே குழி தோண்டிக்கொள்வார்கள். நான் காரைக்குடிப் பக்கத்துக் கணக்கில் ஆடி, அவர்களிடம் ஒரு முறைகூட வென்றதில்லை.